ரயில் நிறுவனம் ஒப்பந்தம் கொடுத்த பிறகு: டெட் தளத்தில் எதை, எத்தனை நாளில், எந்த எண்களோடு வெளியிட வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு ரயில் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் கேட்ட கேள்வி இது: “டெண்டர் முடிந்து ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. இப்போது டெட் தளத்தில் முடிவு அறிவிப்பு போடச் சொல்கிறார்கள். அதில் உலக வர்த்தக அமைப்பின் கொள்முதல் உடன்பாடு பொருந்துமா என்று ஒரு கட்டம் வேறு. இதை எத்தனை நாளில் போட வேண்டும்? எங்கே தவறு நடக்கும்?”

டெட் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் கொள்முதல் அறிவிப்புகள் வெளியாகும் இணையதளம். நேரடிப் பதில்: ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து 30 நாளுக்குள் அறிவிப்பை ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியீட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஈஃபார்ம்ஸ் எனும் மின்படிவ முறையில் ரயில் நிறுவனத்துக்கு உரிய படிவம் 30ஆம் வகை. இது கோப்பை மூடும்போது செய்யும் எழுத்தர் வேலை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். போட்டி இல்லாமல் நேரடியாகக் கொடுத்த ஒப்பந்தமாக இருந்தால், அதை நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கான கெடு எப்போது முடியும் என்பதே இந்த அறிவிப்பைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இதில் வரும் பெரும்பாலான பிழைகளுக்கு வேர், டெண்டர் தொடங்கிய அன்று போட்ட மதிப்பீட்டில் இருக்கும்.

ரயில் நிறுவனம் ஏன் இந்த விதிக்குள் வருகிறது

அடிப்படைச் சட்டம் 2014/25 டைரக்டிவ், அதாவது உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து, அஞ்சல் துறைகளுக்கான கொள்முதல் விதி இதில்தான் இருக்கிறது. அதன் 11ஆவது பிரிவு, ரயில் வழியாக மக்களுக்குச் சேவை தரும் வலையமைப்பை அமைப்பதையும் இயக்குவதையும் உள்ளே கொண்டுவருகிறது.

“தண்டவாளம் எங்களுடையது அல்ல, வண்டி மட்டும்தான் ஓட்டுகிறோம், எங்களுக்கு இது பொருந்தாது” என்று சில இயக்குநர்கள் வாதிட்டது உண்டு. ஸ்வீடனின் எஸ்ஜே நிறுவனம் வண்டிகளைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தங்களை அறிவிப்பில்லாமல் கொடுத்தது. அந்நாட்டுப் போட்டி ஆணையம் வழக்குப் போட்டது. 2019 பிப்ரவரி 28 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சி-388/17 வழக்கில் தீர்ப்பளித்தது: பிறர் நிர்வகிக்கும் தண்டவாளத்தைப் பயன்படுத்தும் உரிமையோடு பொதுமக்களுக்கு ரயில் சேவை நடத்துவதும் ‘வலையமைப்பை இயக்குவது’தான். அது முந்தைய 2004/17 டைரக்டிவின் கீழ் வந்த வழக்கு. ஆனாலும் இன்றைய சட்டத்திலும் அதே சொற்கள்தான் இருக்கின்றன. ஆகவே பெட்டி கழுவும் ஒப்பந்தமானாலும் வரம்புத் தொகையைத் தாண்டினால் அறிவிப்பு வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசோ மாநகராட்சியோ உங்கள் நிறுவனத்துக்கு ‘இந்தத் தடத்தில் வண்டி ஓட்டு’ என்று கொடுக்கும் பொதுச்சேவை ஒப்பந்தம் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. அது 1370/2007 ஒழுங்குமுறை. அதற்கு டி01, டி02 என்று தனிப் படிவங்கள் உண்டு. அவற்றை வெளியிடும் பொறுப்பு அந்த அதிகார அமைப்புக்கு, உங்களுக்கு அல்ல. நீங்கள் வாங்குவதைத்தான் நீங்கள் அறிவிக்கிறீர்கள்.

வர்த்தக உடன்பாடு எங்கே நுழைகிறது

உலக வர்த்தக அமைப்பின் அரசு கொள்முதல் உடன்பாட்டைச் சுருக்கமாக ஜிபிஏ என்பார்கள். திருத்திய உடன்பாடு 2014 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 16ஆவது பிரிவு சொல்வது இதுதான்: உடன்பாட்டுக்குள் வரும் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும், கொடுத்ததிலிருந்து 72 நாளுக்குள் அறிவிப்பு வெளியாக வேண்டும். அதில் ஆறு தகவல்கள் வேண்டும். வாங்கிய பொருள் அல்லது சேவையின் விவரம், வாங்கியவரின் பெயர் முகவரி, வென்றவரின் பெயர் முகவரி, வென்ற விலை அல்லது பரிசீலித்த விலைகளில் மிக அதிகமும் மிகக் குறைவும், கொடுத்த தேதி, எந்த முறையில் கொடுக்கப்பட்டது. போட்டியில்லாமல் கொடுத்திருந்தால் அதற்கான சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். கோப்புகளை மூன்று ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுதோறும் புள்ளிவிவரம் தர வேண்டும் என்பதும் இதே பிரிவில் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டத்தில் இந்த 72 நாளை 30 ஆகக் குறைத்துக்கொண்டது. அதனால் டைரக்டிவை ஒழுங்காகப் பின்பற்றினால் ஜிபிஏ கெடுவும் தானாக நிறைவேறிவிடும். ஆண்டறிக்கைக்கான எண்களை உங்கள் நிறுவனம் ஜெனீவாவுக்கு அனுப்பத் தேவையில்லை. அது ஐரோப்பிய ஆணையத்தின் பொறுப்பு. ஆனால் ஆணையத்துக்கு அடிப்படைத் தரவு டெட் தளத்தில் நீங்கள் போட்ட அறிவிப்புதான். நீங்கள் தவறான கட்டத்தில் டிக் செய்தால் அந்தப் பிழை வர்த்தகக் கூட்டாளிகள் பார்க்கும் அட்டவணை வரைக்கும் போகும்.

வரம்புத் தொகையும் இங்கிருந்துதான் வருகிறது. ஜிபிஏவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 3ஆம் இணைப்பில் பொருள், சேவைக்கு 4 லட்சம் எஸ்டிஆர், கட்டுமானத்துக்கு 50 லட்சம் எஸ்டிஆர் என்று இருக்கிறது. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அதன் மாற்று மதிப்பு ஏறி இறங்குவதால் யூரோ தொகையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். 2024–25க்கு அது 4,43,000 யூரோவும் 55,38,000 யூரோவுமாக இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் 4,32,000 யூரோவும் 54,04,000 யூரோவும். பழைய தொகையை எக்செல் தாளில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் அலுவலகங்களுக்கு இந்த முறை ஆபத்து அதிகம், ஏனென்றால் வரம்பு இறங்கியிருக்கிறது. 4,38,000 யூரோ மதிப்பில் ஒரு டெண்டர் 2025இல் வரம்புக்குக் கீழே இருந்தது. அதையே 2026இல் தொடங்கினால் வரம்புக்கு மேலே.

மதிப்பு: எல்லாப் பிழைக்கும் இதுதான் தாய்

மதிப்பை வாட் வரி இல்லாமல் போட வேண்டும். நீட்டிப்பு விருப்பங்கள், புதுப்பிப்புகள், எல்லா லாட்டுகளும் (டெண்டரைப் பிரித்த பகுதிகள்) சேர்ந்த மொத்தத்தைக் கணக்கிட வேண்டும். சொல்ல எளிது. நடைமுறையில் என்ன ஆகிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பிரேக் பேடு வாங்குகிறீர்கள். ஆண்டுக்கு 1,80,000 யூரோ. இரண்டு ஆண்டு உறுதியான ஒப்பந்தம், அதன் பிறகு விரும்பினால் ஓராண்டு, இன்னும் ஓராண்டு என்று நீட்டிக்கலாம். பணிமனைக்காரர் கோரிக்கையில் 3,60,000 என்று எழுதுவார், அவருடைய பட்ஜெட்டில் உறுதியான தொகை அவ்வளவுதான். சட்டத்தின் கணக்கில் அது 7,20,000. முதல் எண்ணை நம்பினால் டெண்டர் உள்நாட்டு முறையிலேயே முடிந்திருக்கும், டெட் தளத்தில் எதுவும் வந்திருக்காது. மூன்றாம் ஆண்டு நீட்டிக்கும்போது தணிக்கையாளர் கேட்பார், அப்போது சொல்ல பதில் இருக்காது.

முடிவு அறிவிப்பில் மதிப்புக் கட்டங்கள் ஒன்றல்ல, பல. படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ‘பிடி’ எண் உண்டு. பிடி-720 என்பது வென்ற விலைப்புள்ளியின் மதிப்பு. பிடி-161 என்பது இந்த அறிவிப்பில் முடிவான எல்லா ஒப்பந்தங்களின் மொத்தம். ஃபிரேம்வொர்க் (பின்னால் ஆர்டர் கொடுப்பதற்கான விதிகளை முன்கூட்டியே வகுக்கும் உடன்பாடு) என்றால் பிடி-709இல் அதிகபட்ச மதிப்பு, பிடி-118இல் அறிவிப்பில் உள்ள ஃபிரேம்வொர்க்குகளின் மொத்த அதிகபட்சம். ஃபிரேம்வொர்க்கில் முதல் ஆர்டரின் தொகையைப் பிடி-161இல் போட்டுவிட்டு அதிகபட்சத்தைக் காலியாக விடுவது மிக அதிகமாகக் கண்ணில் படும் பிழை.

அந்த அதிகபட்சம் அலங்காரத்துக்கு அல்ல. 2021 ஜூன் 17 அன்று சிமொன்சன் அண்ட் வீல் வழக்கில் (சி-23/20) ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: டெண்டரில் அதிகபட்ச அளவோ மதிப்போ குறிப்பிட வேண்டும், அந்த எல்லையை எட்டியதும் ஃபிரேம்வொர்க்கின் ஆயுள் முடிந்தது. அது பொது அமைப்புகளுக்கான 2014/24 டைரக்டிவின் கீழ் வந்த தீர்ப்பு. ஆனாலும் ரயில் துறையில் அதை ஒதுக்கிவிட்டு நடப்பது புத்திசாலித்தனம் அல்ல. அதுவும் நம் டைரக்டிவில் ஃபிரேம்வொர்க் எட்டு ஆண்டு வரை போகலாம். 2014/24இல் நான்கு ஆண்டுதான். ஸ்லீப்பர் கட்டைக்கு எட்டு ஆண்டு ஃபிரேம்வொர்க் போட்டு, நடுவில் எஃகு, சிமென்ட் விலை ஏறினால் ஆறாவது ஆண்டிலேயே உச்சத்தைத் தொட்டுவிடலாம். எனவே மதிப்பீட்டில் விலை ஏற்றத்துக்கும் இடம் விட்டுத்தான் அதிகபட்சத்தை எழுத வேண்டும்.

தேதி: எந்த நாளிலிருந்து 30?

அறிவிப்பில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. பிடி-1451 என்பது வென்றவரைத் தீர்மானித்த நாள். பிடி-145 என்பது ஒப்பந்தம் முடிந்த நாள், அதாவது கையெழுத்து. 2014/25 டைரக்டிவின் 70ஆவது பிரிவு சொல்லும் 30 நாள் இரண்டாவதிலிருந்து ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் காத்திருப்புக் காலம் உண்டு. தோற்றவர்களுக்கு முடிவை மின்னணு வழியில் அனுப்பியிருந்தால், அனுப்பிய மறுநாளிலிருந்து குறைந்தது 10 நாள். தபாலில் அனுப்பினால் 15 நாள். கொள்முதல் முடிவை எதிர்ப்பது பற்றிய 92/13 டைரக்டிவ் சொல்வது இது. அந்தக் காலம் முடியாமல் கையெழுத்துப் போட்டு, பிடி-145இல் அந்தத் தேதியை எழுதினால், விதிமீறலை நீங்களே அரசிதழில் பதிவு செய்தது போல. தேதியைக் ‘கொஞ்சம்’ தள்ளி எழுதலாமே என்ற யோசனை வரும். வேண்டாம். ஒப்பந்தப் பிரதி நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் இரண்டு தேதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

இரண்டு தரப்பும் வெவ்வேறு நாளில் கையெழுத்திட்டால்? பொதுவாகக் கடைசிக் கையெழுத்தின் நாளை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. மின்கையெழுத்தில் நேர முத்திரை இருக்கும், அதையே கோப்பில் வையுங்கள்.

ஃபிரேம்வொர்க் என்றால் ஃபிரேம்வொர்க் கையெழுத்தான நாளிலிருந்துதான் 30. அதன் கீழ் போகும் ஒவ்வோர் ஆர்டருக்கும் தனி அறிவிப்பு டைரக்டிவின்படி கட்டாயமில்லை. ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை தொகுத்துப் போட வேண்டும் என்று சில நாடுகளின் சட்டம் கேட்கலாம், உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். டைனமிக் கொள்முதல் முறையில் (புதிய சப்ளையர்கள் எப்போதும் சேரக்கூடிய மின்னணு முறை) ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் 30 நாள் உண்டு, அல்லது காலாண்டு முடிந்து 30 நாளுக்குள் மொத்தமாகப் போடலாம்.

நீங்கள் அனுப்பிய பிறகு வெளியீட்டு அலுவலகம் ஐந்து நாளுக்குள் வெளியிட வேண்டும். 30 நாள் என்பது அனுப்புவதற்கான கெடு, வெளியாவதற்கானது அல்ல. ஆனால் அனுப்பியது சரிபார்ப்பில் தள்ளுபடியானால் அனுப்பியதாகவே ஆகாது. ஈஃபார்ம்ஸில் நூற்றுக்கணக்கான சரிபார்ப்பு விதிகள் ஓடுகின்றன. வென்றவரின் பதிவு எண் இல்லை, லாட்டும் முடிவும் பொருந்தவில்லை, கையெழுத்துத் தேதி தீர்மானத் தேதிக்கு முன்னால் இருக்கிறது என்று ஏதாவது ஒன்றில் நின்றுவிடும். 29ஆம் நாள் மாலை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் இதனால்தான் ஆபத்து. 15ஆம் நாளுக்குள் முதல் முயற்சி நடந்துவிட வேண்டும்.

நேரடியாகக் கொடுத்த ஒப்பந்தங்களுக்கு இந்தத் தேதி இன்னும் கனமானது. முன்அறிவிப்பு இல்லாமல் கொடுத்த ஒப்பந்தத்தை ‘செல்லாது’ என்று அறிவிக்கக் கோரி, கையெழுத்தான மறுநாளிலிருந்து ஆறு மாதம் வரைக்கும் வழக்குப் போடலாம். ஆனால் முடிவு அறிவிப்பை வெளியிட்டு, ஏன் முன்அறிவிப்பு இல்லாமல் கொடுத்தோம் என்ற காரணத்தையும் அதிலேயே எழுதியிருந்தால் அந்தக் காலம் 30 நாளாகச் சுருங்கும். காரணம் எழுதாத அறிவிப்புக்கு இந்தப் பலன் இல்லை. பிடி-136இல் காரணக் குறியீட்டை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு விளக்கக் கட்டத்தில் ‘தொழில்நுட்பக் காரணங்கள்’ என்று இரண்டே சொல் எழுதினால் நீதிபதி அதைக் காரணமாக ஏற்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். சிக்னல் மென்பொருளை அதைச் செய்தவரே மேம்படுத்த முடியும் என்றால், மூலநிரல் யாரிடம், வேறு வழிகளைத் தேடினீர்களா, ஏன் அவை சரிவரவில்லை என்று நாலு வரி வேண்டும்.

இதைவிட நல்ல பாதுகாப்பு, கையெழுத்துக்கு முன்பே, நேரடியாகக் கொடுக்கப் போகிறோம் என்ற தன்னார்வ அறிவிப்பு வெளியிட்டு (ரயில் நிறுவனத்துக்கு 26ஆம் வகை) 10 நாள் காத்திருப்பது. அதுவும் முழுமையான கேடயம் அல்ல. ஃபாஸ்ட்வெப் வழக்கில் (சி-19/13) நீதிமன்றம், நீங்கள் கவனமாக ஆராய்ந்துதான் அந்த முடிவுக்கு வந்தீர்களா என்று பார்க்கலாம் என்றது.

ஜிபிஏ கட்டம்: ஆமா, இல்லையா?

இது பிடி-115. பலர் முந்தைய அறிவிப்பிலிருந்து நகல் எடுப்பார்கள். அப்படி நகலெடுத்து வந்த பிழை ஐந்தாறு ஆண்டு ஒரே நிறுவனத்தில் தொடர்வதும் நடக்கும்.

பொருளும் கட்டுமானமும் வரம்புக்கு மேலே என்றால் பெரும்பாலும் ‘ஆம்’. சேவையில் நின்று யோசிக்க வேண்டும். உடன்பாட்டின் 5ஆம் இணைப்பில் பெயர் சொல்லப்பட்ட சேவைகள் மட்டுமே உள்ளே வரும். பராமரிப்பும் பழுதுபார்ப்பும் அந்தப் பட்டியலில் உண்டு, ஆகவே வண்டிப் பராமரிப்பு ஒப்பந்தம் உள்ளே. ரயில் போக்குவரத்துச் சேவையே அதில் இல்லை. இன்னொரு நிறுவனத்திடம் இழுவைச் சேவை வாங்கினால், டைரக்டிவின் கீழ் வரும் ஒப்பந்தமாகவே இருந்தாலும், ஜிபிஏ கட்டத்துக்கு ‘இல்லை’ என்ற பதில் சரியாக இருக்கலாம். சிபிவி குறியீட்டை (அறிவிப்புகளில் பயன்படும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருள், சேவை வகைப்பாடு) பார்த்து முடிவெடுக்காதீர்கள். இணைப்பு ஐநாவின் தற்காலிக சிபிசி வகைப்பாட்டில் எழுதப்பட்டது, அதற்கு மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

‘ஆம்’ என்று போட்டதால் எல்லா உறுப்பு நாட்டு நிறுவனத்துக்கும் ரயில் டெண்டரில் உரிமை வந்துவிட்டதாகவும் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 3ஆம் இணைப்புக் குறிப்புகள், பதிலுக்குத் தங்கள் ரயில் சந்தையைத் திறக்காத சில உறுப்பினர்களுக்கு இந்தத் துறையை மூடி வைத்திருக்கின்றன. கட்டம் ‘இந்தக் கொள்முதல் உடன்பாட்டின் எல்லைக்குள் வருகிறதா’ என்றுதான் கேட்கிறது. யாரை அனுமதிப்பது என்பது அடுத்த கேள்வி.

அந்த அடுத்த கேள்விக்கு ரயில் துறையிலிருந்தே இரண்டு பெரிய தீர்ப்புகள் வந்துவிட்டன. குரோவேஷியாவின் ரயில் பாதை நிறுவனமான எச்ஜே இன்ஃப்ராஸ்ட்ரக்டுரா, ஹர்வாட்ஸ்கி லெஸ்கோவாட்ஸ்–கார்லோவாட்ஸ் பாதையை மேம்படுத்த 2020இல் டெண்டர் விட்டது. தோற்ற துருக்கி நிறுவனம் கோலின் வழக்குப் போட்டது. 2024 அக்டோபர் 22 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தின் பெரிய அமர்வு (சி-652/22), உடன்பாடு இல்லாத நாட்டு நிறுவனம் இந்த டைரக்டிவின் சமநடத்தை உரிமையைக் கேட்க முடியாது என்றது. அப்படிப்பட்டவரை அனுமதிப்பதா வேண்டாமா என்பது வாங்குபவரின் முடிவு. 2025 மார்ச் 13 அன்று ருமேனிய ரயில் கொள்முதல் தொடர்பாக சீன ரயில் தயாரிப்பாளர் சிஆர்ஆர்சி சிங்தாவ் சிஃபாங் வழக்கிலும் (சி-266/22) அதே நிலைப்பாடு. துருக்கி ஜிபிஏவில் உறுப்பினர் அல்ல, பார்வையாளர்தான். இந்தியாவும் 2010 முதல் பார்வையாளர் மட்டுமே. ஆகவே சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்து நேரடியாக இந்த டெண்டர்களில் பங்கெடுக்க நினைப்பவர், தோற்றால் வழக்காடும் உரிமை தனக்கு உண்டு என்று கணக்குப் போடக் கூடாது.

பொருள் டெண்டரில் டைரக்டிவின் 85ஆவது பிரிவும் உண்டு. விலைப்புள்ளியில் உள்ள பொருளின் மதிப்பில் பாதிக்கு மேல் உடன்பாடு இல்லாத நாடுகளிலிருந்து வந்தால் வாங்குபவர் அதைத் தள்ளலாம். தள்ளாவிட்டாலும், சமமான இரண்டு விலைப்புள்ளிகளில் மற்றதற்கே முன்னுரிமை தர வேண்டும். விலை வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருந்தால் சமம் என்று கொள்ளப்படும். இதனால்தான் முடிவு அறிவிப்பில் பொருளின் பிறப்பிட நாடு கேட்கும் பிடி-191 இருக்கிறது. வென்ற நிறுவனத்தின் தலைமையகம் எந்த நாட்டில் என்று அங்கே எழுதுவார்கள், அது தவறு. போகி சட்டகம் எங்கே வார்க்கப்பட்டது, சக்கரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுங்க விதிப்படி பார்க்க வேண்டும். விலைப்புள்ளி வாங்கும்போதே இந்த விவரத்தை ஓர் அட்டவணையாகக் கேட்டு வாங்காவிட்டால், கையெழுத்துக்குப் பிறகு சப்ளையர் பதில் தர வாரக்கணக்கில் ஆகும்.

பெரிய வண்டிக் கொள்முதல் என்றால் கூடவே வெளிநாட்டு மானிய ஒழுங்குமுறையும் (2022/2560) வரும். மதிப்பு 25 கோடி யூரோவை எட்டி, டெண்டர் போடுபவர் முந்தைய மூன்று ஆண்டில் ஒரு வெளிநாட்டிலிருந்து 40 லட்சம் யூரோவோ அதற்கு மேலோ நிதிப் பங்களிப்பு பெற்றிருந்தால், ஆணையத்துக்கு அறிவிப்பு போக வேண்டும். ஆணையம் முடிக்கும்வரை ஒப்பந்தம் கொடுக்கக் கூடாது. முதற்கட்டம் 20 வேலை நாள், ஆழ்ந்த விசாரணை 110 வேலை நாள். 2024இல் பல்கேரியாவின் 20 மின்ரயில் டெண்டரில் இந்த விசாரணை தொடங்கியதும் சிஆர்ஆர்சி துணை நிறுவனம் விலகிக்கொண்டது.

எதை மறைக்கலாம்

வென்றவர் ‘என் விலையை வெளியிடாதே’ என்பார். 70ஆவது பிரிவு, நியாயமான வணிக நலன், நேர்மையான போட்டி, பொதுநலன், சட்ட அமலாக்கம் ஆகியவற்றுக்குப் பாதிப்பு வரும் தகவலை நிறுத்தி வைக்க இடம் தருகிறது. ஈஃபார்ம்ஸில் அதற்கு நான்கு கட்டங்கள்: எந்தத் தகவல் (பிடி-195), விளக்கம் (பிடி-196), காரணக் குறியீடு (பிடி-197), எந்தத் தேதிக்குப் பிறகு வெளியிடலாம் (பிடி-198). எல்லாக் கட்டத்தையும் மறைக்க முடியாது. வென்றவரின் பெயரை மறைக்க முயல்வது வீண்.

விலையை உண்மையிலேயே மறைக்க வேண்டிய சூழல் குறைவு. ஒரே பொருளை இருவர் மட்டுமே செய்யும் சந்தையில், அலகு விலை தெரிந்தால் அடுத்த டெண்டரில் இருவரும் அதையே தரைவிலையாக எடுத்துக்கொள்வார்கள் என்பது ஒரு நியாயம். அப்போதும் மொத்த மதிப்பைப் போடலாம், அலகு விலை அறிவிப்பில் கேட்கப்படுவதே இல்லை. இல்லையென்றால் மிகக் குறைந்த, மிக அதிக விலைகளைப் பிடி-710, பிடி-711இல் தரலாம். ஜிபிஏவும் அதை ஏற்கிறது. மூன்றையும் மறைத்து ஒரு யூரோ என்றோ பூஜ்யம் என்றோ எழுதுவது மோசமான பழக்கம். சரிபார்ப்பைத் தாண்டிவிடும், ஆனால் புள்ளிவிவரத்தைக் கெடுக்கும்; பத்திரிகையாளர் கண்ணில் பட்டால் உங்கள் நிறுவனத்தின் பெயரையும் கெடுக்கும்.

வெற்றியாளர் இல்லாத லாட்

ஐந்து லாட்டில் மூன்றுக்குத்தான் ஆள் கிடைத்தால், மற்ற இரண்டையும் அதே படிவத்தில் காட்டுங்கள். பிடி-142இல் வெற்றியாளர் இல்லை, பிடி-144இல் காரணம்: விலைப்புள்ளியே வரவில்லை, வந்ததெல்லாம் தள்ளுபடி, நிதி போதவில்லை என்று குறியீடுகள் இருக்கின்றன. பிடி-759இல் வந்த விலைப்புள்ளிகளின் எண்ணிக்கை. தள்ளுபடியானவற்றையும் சேர்த்து வந்த எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும். மதிப்பிட்டவற்றை மட்டும் எழுதுவது இன்னொரு பரவலான பிழை.

பழைய அறிவிப்போடு இணைப்பதும் இங்கே முக்கியம். டெண்டர் அறிவிப்புக்கும் முடிவு அறிவிப்புக்கும் ஒரே நடைமுறை அடையாள எண் (பிடி-04) ஓட வேண்டும். தகுதிப் பட்டியல் முறையில் டெண்டர் விட்டிருந்தால் 15ஆம் வகை அறிவிப்போடு இணைக்க வேண்டும். இணைப்பு அறுந்தால், டெட் தளத்தில் டெண்டர் முடிவில்லாமல் தொங்கும். முடிவு அறிவிப்போ போட்டியில்லாமல் கொடுத்தது போலத் தனியாக நிற்கும்.

பிறகு வரும் மாற்றங்கள்

கையெழுத்துக்குப் பிறகு ஒப்பந்தம் மாறினால் 89ஆவது பிரிவு. ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதியிருந்த விலைச்சுட்டு மாற்றத்துக்கு அறிவிப்பு வேண்டாம். கூடுதல் வேலை தேவைப்பட்டு ஒப்பந்ததாரரை மாற்ற முடியாத நிலை, முன்கூட்டி ஊகிக்க முடியாத சூழ்நிலை, இந்த இரண்டுக்கும் மாற்ற அறிவிப்பு (39ஆம் வகை) கட்டாயம். பொது அமைப்புகளுக்கு உள்ள 50 சதவீத உச்சம் நமக்கு இல்லை. அதனாலேயே நீதிமன்றம் காரணத்தைக் கூர்ந்து பார்க்கும். வரம்புத் தொகைக்குக் கீழே, மூல மதிப்பில் பொருள், சேவைக்கு 10 சதவீதத்துக்குள், கட்டுமானத்துக்கு 15 சதவீதத்துக்குள் உள்ள மாற்றங்கள் தனி வழி. ஆனால் அவற்றைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து ‘9 சதவீதம்தானே’ என்று மூன்று முறை விடுவது சட்டத்தில் நிற்காது.

பிரிட்டனில் வேலை செய்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 2025 பிப்ரவரி 24 முதல் 2023 கொள்முதல் சட்டம் ஓடுகிறது. தளமும் வேறு, ஃபைண்ட் எ டெண்டர். அங்கே முடிவு அறிவிப்பு கையெழுத்துக்கு முன்பே வரும், அதிலிருந்து எட்டு வேலை நாள் காத்திருப்பு. கையெழுத்துக்குப் பின் வருவது ‘ஒப்பந்த விவர அறிவிப்பு’.

வெளியான பிறகு பிழை தெரிந்தால்

வெளியான அறிவிப்பை அழிக்க முடியாது. அனுப்பியது இன்னும் வெளியாகவில்லை என்றால் வெளியீட்டை நிறுத்தச் சொல்லலாம். வெளியாகிவிட்டால் திருத்த அறிவிப்புதான். ஈஃபார்ம்ஸில் அது முழு அறிவிப்பின் புதுப் பிரதி. எந்தப் பகுதி மாறியது, ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டும். மதிப்பில் ஒரு பூஜ்யம் கூடிப்போனதைத் திருத்தும்போது பிடி-720ஐ மட்டும் மாற்றிவிட்டு பிடி-161ஐ மறப்பது சகஜம், இரண்டையும் பாருங்கள். நேரடி ஒப்பந்தத்தின் காரணத்தையே பின்னால் திருத்திச் சேர்த்தால், 30 நாள் கெடு பழைய வெளியீட்டிலிருந்தே ஓடியது என்று வாதிடுவது கடினம். திருத்தம் வெளியான மறுநாளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள், அதுவரை முன்பணம் போன்ற திரும்ப முடியாத காரியங்களைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.